கமர்கட் ஏன் இப்போது வாயில் நிற்பதில்லை?

முலுண்டு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் அப்பளமும் காபித்தூளும் வாங்குவதற்காக மாட்டுங்கா கடைவீதிக்குப் போயிருந்தபோது, ஒரு கடை முகப்பில் 'கமர்கட்' என்று தமிழில் எழுதிய பொட்டலம் தொங்கியதைக் கண்டு, விலையைக்கூடக் கேட்காமல் இரண்டு வாங்கிவிட்டேன். வீடு போகும்வரை பொறுக்க முடியாமல் ரயிலிலேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். அடுத்த நிலையமான சயான் வருவதற்குள் அது கரைந்து, கொஞ்சம் தேங்காய்ச் சக்கை மட்டும் நாக்கில் மிஞ்சியது. மென்மையாக, பல்லில் ஒட்டிக்கொண்டு, ஏதோ டாஃபியைப் போல இருந்தது.

நான் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, 1983-இல் திருமணமாகி இங்கே மும்பைக்கு வந்தவள். எங்கள் பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பாட்டியிடம் ஐந்து காசுக்கு வாங்கிய கமர்கட்டைக் காக்காய்க் கடி கடித்துப் பங்கு போட முடியாது. பாவாடை நுனியில் பொதிந்து எத்தனை அழுத்தினாலும் பல்தான் வலிக்கும். படிக்கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டினால் இரண்டாகாமல் ஏழெட்டுச் சில்லுகளாகச் சிதறும் என்பதால், யாருக்குப் பெரிய சில்லு என்ற சண்டையும் வரும். உடைக்காமல் முழுசாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டவளுக்குக் கணக்கு வகுப்பு முடியும்வரை கவலையில்லை, டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்காத வரையில். இனிப்புக்காக அதை வாங்கினோம் என்று எனக்குத் தோன்றவில்லை, நேரத்துக்காகத்தான் வாங்கினோம்.

அந்தக் கடினம் ஏன் போயிற்று என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மும்பையில் பழைய மாதிரிக் கமர்கட் எங்காவது கிடைக்குமா, அல்லது இந்த மழைக்காலத்தில் வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

தாராவிப் பேரன்:

அக்கா, மழைக்காலம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் தாத்தாவின் பெட்டிக்கடைதான் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்து தாராவியில் கடை போட்ட அவருக்கு ஜூலை மாதம் என்றாலே கண்ணாடி ஜாடிகளோடு போராட்டம்தான். ஆரஞ்சு மிட்டாய், குச்சி மிட்டாய், கமர்கட் எல்லாம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாறையாகிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிரிப்பார். பிரியாமல் ஜோடியாக வருபவற்றுக்கு 'இரட்டைப் பிள்ளை' என்று பெயர் வைத்து ஒன்றின் விலைக்கே கொடுப்பார். நாங்கள் இரட்டைப் பிள்ளை வரட்டும் என்று மழையில் நனைந்துகொண்டே காத்திருப்போம். ஜாடிக்கு அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைப்பது அவர் கண்ட உபாயம்.

இந்த ஊருக்கும் தனி மிட்டாய்ச் சரித்திரம் உண்டு. வீலே பார்லேயில் 1929-இல் தொடங்கிய பார்லே கம்பெனி முதலில் செய்தது பிஸ்கட் அல்ல, மிட்டாய். அந்த ஆலை 2016-இல் மூடப்படும்வரை, மேற்கு ரயில் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நிலையம் வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். மாலேகாவ் பக்கத்து ராவல்காவில் செய்த 'பான் பசந்த்', 'மேங்கோ மூட்' மிட்டாய்கள் தாத்தா கடையின் இன்னொரு ஜாடியில் இருந்தன. அந்தப் பெயர்களை 2024-இல் ரிலையன்ஸ் 27 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஆனால் நம் ஊரில் 'பம்பாய் மிட்டாய்' என்று கூவி விற்பார்களே, அந்தப் பெயரைச் சொன்னால் பம்பாயில் ஒருவருக்கும் புரியாது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பாகுக்காரர்:

சகோதரி, நான் முப்பது ஆண்டுகள் இனிப்புச் சமையலறையில் பாகு எடுத்தவன், இப்போது தானேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். உங்கள் சந்தேகத்துக்கு விடை பதத்தில்தான் இருக்கிறது.

வெல்லப்பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள தண்ணீர் குறைகிறது, சூடு ஏறுகிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வருவது உருட்டுப்பதம். அதற்கு மேலும் விட்டால், அந்த உருண்டையைத் தட்டில் எறியும்போது 'டங்' என்று கேட்கும். இன்னும் சற்றுப் பொறுத்தால் வளைக்கும்போதே படக்கென்று முறியும். கமர்கட்டுக்கு இந்தக் கடைசி நிலை வேண்டும். சர்க்கரை மிட்டாயில் இதே நிலை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் வரும், அப்போது பாகில் இருக்கும் தண்ணீர் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இராது. ஆறியபின் அது கண்ணாடிதான். அதனால்தான் கல்லால் தட்டினால் சிதறுகிறது. வெல்லமோ சர்க்கரையைவிடச் சீக்கிரம் தீயும் என்பதால், முறியும் பதத்துக்கும் கசக்கும் பதத்துக்கும் நடுவில் சில விநாடிகளே உண்டு. அந்தப் பயத்தில் ஒரு நிமிடம் முன்னதாக இறக்குகிறவர்களே அதிகம். போதாததற்குப் பாகு பூத்து மணல்மணலாகாமல் இருக்கத் திரவ குளுக்கோஸ் சேர்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. முன்னதாக இறக்கிய பாகில் அது சேர்ந்தால் நீங்கள் சொன்ன டாஃபி மென்மைதான் வரும். தேங்காயின் ஈரமும் ஒரு காரணம். துருவலைப் பச்சையாகப் போட்டால் அந்த ஈரம் பாகை இளக்கிவிடும். வெறும் சட்டியில் பொன்னிறம் தாண்டிச் சற்றே சிவக்கும்வரை வறுக்க வேண்டும்.

வெல்லத்துக்கு மாட்டுங்கா போக வேண்டாம். ஊரில் பாகு வெல்லம் என்று தனியாகக் கேட்டு வாங்குவோம் அல்லவா, அதற்கு இணையாக மராட்டியர் 'சிக்கிச்சா கூள்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சங்கராந்திக்கு எள் சிக்கி என்னும் எள்ளு மிட்டாய் செய்ய எல்லாக் கடையிலும் வரும்; மற்ற மாதங்களில் தாதரில் பெரிய வெல்லக் கடையாகப் பார்த்துக் கேளுங்கள். மொறுமொறுவென்று முறிவதற்கே உள்ள வெல்லம் அது. கோவில்பட்டிக்காரர்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தங்கள் கடலை மிட்டாய்க்கு எடுக்கும் பதமும் இதற்கு நெருக்கமானதே.

கால் கிலோ வெல்லத்துக்கு ஒரு கப் துருவல் போதும். கரைத்து வடிகட்டி, அடிகனமான இரும்புச் சட்டியில் ஏற்றி, 'டங்' கேட்டதும் தேங்காயைக் கொட்டிக் கிளறி, அடுத்த சொட்டு பல்லில் ஒட்டாமல் முறிந்தால் உடனே இறக்கிவிடுங்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும். ஒருவரால் முடியாது, இருவர் வேண்டும். மழை விட்டு வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கல்யாண் கணக்கர்:

மேலே எழுதியவர் அனுபவசாலி. பதத்தைப் பற்றி நான் வாதாடவில்லை. ஆனால் அந்தக் காலத்து மிட்டாய்களுக்கெல்லாம் இப்படி ஒரேயடியாகப் புகழ் பாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எட்டு வயதில் நம் வாய் சின்னது, ஐந்து காசு பெரியது. அதே கமர்கட்டை இன்றைக்குக் கொடுத்தாலும் கடைவாய்ப் பல்லுக்கு அஞ்சி இரண்டாம் நிமிடத்தில் துப்பிவிடுவோம். திருவிழாவில் உதடு சிவக்கத் தின்ற பஞ்சு மிட்டாயில் என்ன சாயம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் அகப்பட்டதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. தேன் மிட்டாய்க்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன்: அரிசியும் உளுந்தும் அரைத்துப் பொரித்து ஜீராவில் ஊறப் போட்ட அந்தச் சிவப்பு உருண்டைக்கு இன்றும் நான் அடிமை.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஜவ்வு மிட்டாய்க்காரர் பொம்மை கட்டிய மூங்கிலிலிருந்து இழுத்து நம் மணிக்கட்டில் கட்டிவிட்ட கடிகாரத்தை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். என் மராட்டிய மருமகளுக்கு முதல் சங்கராந்தியன்று கறுப்புச் சேலை உடுத்தி, எள்ளின்மேல் சர்க்கரைப்பாகு முள்முள்ளாகப் படிந்த ஹல்வாவைக் கோத்துக் கழுத்தாரம், வளையல், நெற்றிச்சுட்டி என்று பூட்டிவிட்டார்கள். என் மனைவி மெதுவாக என் காதில், "அந்த வளையலைத் தின்னலாமா?" என்று கேட்டாள்.

முலுண்டு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. கல்யாண்காரர் சொல்வதுபோல வாய் பெரிதாகிவிட்டதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றே இறங்கினேன். சிக்கிச்சா கூள் தாதரில் இரண்டாவது கடையிலேயே கிடைத்தது, "ஜூலையில் எதற்கு?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, கமர்கட் என்றால் என்னவென்று மராட்டியில் விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

முதல் ஈடு கசந்துவிட்டது. ஐயா சொன்ன அந்தச் சில விநாடிகளில் வாசல் மணி அடித்தது. இரண்டாம் ஈட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளை உட்கார்த்திக்கொண்டேன். எங்கள் இருவர் உள்ளங்கையும் சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்தால், இருபத்தோரு உருண்டை தேறியது. மறுநாள் ஸ்லோ ரயிலில் முலுண்டு நடைமேடையிலேயே ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கினேன். பாண்டுப், விக்ரோலி, காட்கோபர் எல்லாம் போயின. குர்லாவில் மகள் போனில் அழைத்தபோது அது இன்னும் கோலிக்குண்டு அளவுக்கு இருந்தது. பேசுவதற்காக அவசரப்பட்டுக் கடித்தேன், பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீதியை வறுத்த அரிசி முடிச்சோடு ஜாடியில் போட்டு வைத்தேன். தம்பி, உங்கள் தாத்தாவின் உபாயம் மூன்று நாள் காப்பாற்றியது. இன்று காலை மூடியைத் திறந்தால் நான்கு இரட்டைப் பிள்ளைகள்.