முதல் ஊசிக்கு மட்டும் ஏன் இந்தத் தாமதம்?

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் ஹெச்பிஎல்சி (மாதிரியைக் கரைப்பானோடு ஒரு குழாய் வழியே தள்ளி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் முறை) பார்க்கிறேன். பிரிக்கும் குழாய் 50 மி.மீ., விட்டம் 2.1 மி.மீ.; கரைப்பானில் அசிட்டோநைட்ரைல் 3 நிமிடத்தில் 5 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறுகிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து போடும் முதல் ஊசியில் (மாதிரியை உள்ளே செலுத்துவதில்) முதல் சிகரம், அதாவது முதலில் வெளிவரும் பொருளின் குறி, 0.62 நிமிடம்; அடுத்தவற்றில் 0.55, 0.53. கடைசிச் சிகரமோ அசைவதேயில்லை. பம்பின் பிழையென்றால் அதுவும் நகர்ந்திருக்குமே; ஆகவே பம்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஒரு ஊசி முடிந்து அடுத்தது போடுமுன் குழாய் பழைய 5 சதவீத நிலைக்குத் திரும்ப 1 நிமிடம் விடுகிறோம். நிமிடத்துக்கு 0.5 மி.லி. ஓட்டம். எங்கள் பழைய கருவியில் கரைப்பான் கலவை குழாயின் வாய்க்கு வந்து சேரவே 0.4 மி.லி. கடக்க வேண்டும், 48 நொடி அதிலேயே போயிற்று. மிச்சம் 12 நொடியில் குழாய் என்னதான் செய்யும்?

நேரத்தைக் கூட்ட மேலாளர் விடமாட்டார். அந்தக் கட்டத்தில் மட்டும் ஓட்டத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தவர்கள் உண்டா? அல்லது இடைவெளியை நொடி பிசகாமல் வைத்தால், பாதி மீண்ட குழாயே ஒரே நேரம் காட்டுமா?