பினாங்கு கிளினிக் டாக்டர்கள் நேரில் கூடுவது: எப்படி நடத்தலாம்?

அக்கரை ஜிபி: தீவிலும் பட்டர்வொர்த்திலுமாகப் பன்னிரண்டு கிளினிக் டாக்டர்கள் ஒரே புலன (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறோம். பண்டிகை வாழ்த்தும் சுற்றறிக்கையும்தான் வருகின்றன. சிக்கலான நோயாளியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மாதம் ஒருமுறை நேரில் கூடலாமா? மருந்துக் கம்பெனி விருந்தாகிவிடக் கூடாது.

மருதம்: கிளினிக் இரவு பத்து வரை ஓடுவதால் வார நாள் சரிப்படாது. ஞாயிறு மதியம், ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஒரு மாதம் தீவு, மறுமாதம் அக்கரை. எப்போதும் ஒரே பக்கத்தார் பாலம் தாண்டினால் ஆள் குறைந்துவிடும்.

பாலின்ட் முறை நல்லது. உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் 1950களில் லண்டன் ஜிபிகளோடு (பொது மருத்துவர்களோடு) வளர்த்தது. ஒருவர் கோப்பு, ஸ்லைடு ஏதுமின்றித் தன்னை உறுத்தும் நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் விவரம் மட்டும் கேட்கலாம். பிறகு அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய் மூடிக் கேட்பார். மற்றவர்கள் அந்த நோயாளியாகவும் அந்த டாக்டராகவும் தங்களை வைத்துப் பேசுவார்கள். கெடுவது இங்கேதான். "மெட்ஃபார்மின் கூட்டிப் பார்த்தீங்களா?" என்று சர்க்கரை மருந்தைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தால் தேர்வு அறை மாதிரி ஆகிவிடும், அடுத்த முறை எவரும் தம் சிக்கலைக் கொண்டுவர மாட்டார். நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

டாக்டர் கே: மருதம் சொல்வது சரி, ஆனால் அதோடு நின்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். கடைசி அரை மணியை வைத்தியத்துக்கே விடுங்கள். டிங்கியையே எடுங்கள்: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறி, பிளேட்லெட் (தட்டணு) சரிந்தால் யாரை அழைப்பது? நீங்கள் நோயாளியை அனுப்பும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு டாக்டரை ஒருமுறை கூப்பிடுங்கள். கடிதத்தில் காய்ச்சல் தொடங்கிய நாள், முதல் ஹீமடோகிரிட், கொடுத்த திரவத்தின் அளவு இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். முகம் தெரிந்த ஆளிடம் "எனக்குப் புரியவில்லை" என்று போனில் சொல்லக் கூச்சம் இருக்காது. புலனத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் யார் எழுதுவார்?

அக்கரை ஜிபி: நன்றி டாக்டர். சாப்பாட்டுச் செலவு? சிபிடி (தொடர் தொழில் கல்வி) புள்ளி?

மருதம்: ஆளுக்கு 20 வெள்ளி போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 புள்ளி தேவைதான். ஆனால் புள்ளிக்கென்றே நடத்தினால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இன்னொன்று, நோயாளியின் பெயர் மட்டுமல்ல, வேலை, குடியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) இரண்டையும் மாற்றிச் சொல்லுங்கள். பினாங்கில் அடையாளம் கண்டுபிடிக்க அதுவே போதும்.