புதிய கெய்சர் மாட்டியதிலிருந்து வால்வில் நீர் சொட்டுகிறது, வெந்நீர் நூலாக வருகிறது: உதவி தேவை

கும்பகோணம்_மாடிவீடு:
அனைவருக்கும் வணக்கம். பழைய கெய்சர் அடியில் துருப்பிடித்து ஒழுகியதால் அதைக் கழற்றிவிட்டு, நேற்று அதே இடத்தில் புதிய 25 லிட்டர் கெய்சரை மாட்டினோம். சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் அடியிலுள்ள வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. வெந்நீரும் நூல் போலத்தான் வருகிறது. மாட்டிய பிளம்பர், கெய்சரே பழுது என்கிறார். வேண்டுமானால் சொட்டும் வாயை ஒரு பிளக் போட்டு அடைத்துத் தருவதாகவும் சொல்கிறார். அம்மா மார்கழியில் விடியுமுன் குளித்துவிட்டுக் கோவிலுக்குச் செல்பவர். இன்றைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

குத்தாலத்தான்:
சொட்டும் வால்வு தண்ணீர் உள்ளே போகும் நீலப் பக்கத்தில் இருக்கிறதா, வெந்நீர் வெளியே வரும் சிவப்புப் பக்கத்தில் இருக்கிறதா? குளியலறை எந்த மாடி, தொட்டி எங்கே இருக்கிறது, பிரஷர் பம்ப் உண்டா? பச்சைத் தண்ணீர் அதே குளியலறையில் வேகமாக வருகிறதா? இவை தெரியாமல் யாராலும் ஊகம்தான் சொல்ல முடியும்.

பொறையாறு_கடலோரம்:
நீங்கள் பயன்படுத்துவது போர் தண்ணீரா, நகராட்சிக் குடிநீரா என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் கடலோர ஊர்களில் கெய்சர் தொல்லை என்றாலே காரணம் உப்பு. பழைய கெய்சரின் தொட்டி அடியில் துருப்பிடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டியின் இரும்புக்குப் பதிலாக அது கரைவதற்காகவே வைக்கப்பட்டது. அது முழுவதும் கரைந்த பின் யாரும் மாற்றாவிட்டால் உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கும். புதிய கெய்சரின் கம்பியையாவது ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_மின்பொறியாளர்:
தம்பி, ஒரு கருவியில் குறை என்றால் அதன் கொள்ளளவு, வாட், இணைப்பு முறை ஆகியவற்றை எழுத வேண்டும் என்பதை இந்தப் பகுதியில் பலமுறை விளக்கியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. உங்கள் சிக்கல் மிக எளியது: குளிர்நீர், வெந்நீர் இணைப்புகளை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நேராக்கினால் எல்லாம் சரியாகிவிடும். இதற்கு இவ்வளவு கேள்விகள் தேவையில்லை.

குத்தாலத்தான்:
ஐயா, குழாய்கள் சரியாக இருந்து வால்வு மட்டும் வெந்நீர்ப் பக்கத்தில் போயிருந்தால் அதற்குள் இருக்கும் ஒருவழி அமைப்பு நீரை அடியோடு தடுத்திருக்கும். நூலளவு கூட வந்திருக்காது. வால்வு சரியான முனையில் இருந்து குழாய்கள் மட்டும் மாறியிருந்தாலும் அதே நிலைதான். இவர் குறைவாக வருகிறது என்கிறார், வரவே இல்லை என்று சொல்லவில்லை.

கும்பகோணம்_மாடிவீடு:
வால்வு நீலப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் மாடி. தொட்டி அதற்கு மேல் மொட்டைமாடியில். பம்ப் இல்லை. போர் தண்ணீர். பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது.

வலங்கைமான்_குழாய்ப்பணி:
இந்த விவரங்கள் போதும். உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் கெய்சர் பழுது என்ற முடிவுக்கு உங்கள் பிளம்பர் வந்திருக்கிறார்.

முதலில் சொட்டுவதைப் பார்ப்போம். 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது, உள்ளே வந்த வழியையோ வால்வுக்குள் இருக்கும் ஒருவழி அமைப்பு அடைத்துவிட்டது என்னும்போது, விரிந்த நீருக்குப் போக்கிடம் அந்தச் சிறிய வாய் ஒன்றுதான். உள்ளழுத்தம் வால்வுக்குக் குறித்த அளவை, பெரும்பாலான வால்வுகளில் 8 பார் அழுத்தத்தை, எட்டும்போது அது திறந்து சொட்டுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். சுவிட்சை அணைத்து நீர் ஆறிய பிறகும் சொட்டினால்தான் வால்வு அடைத்து மூடும் இடத்தில் தூசி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கெய்சரில் இப்படிப்பட்ட வால்வு இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போது விரிந்த நீர் மொட்டைமாடித் தொட்டிக்கே திரும்பிப் போயிருக்கும், உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிளக் போட்டு அடைக்க யார் சொன்னாலும் இணங்காதீர்கள். என்றாவது ஒருநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் ஓடினால், அடைத்த கெய்சர் அடுப்பில் வெயிட் வால்வு அடைத்துக்கொண்ட குக்கரைப் போன்றது. உங்கள் அம்மா குளிக்கும் அறையில் அது வேண்டாம். சொட்டும் வாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகிக் கீழ்நோக்கிச் சரிவாகக் கழிவுநீர் வழிக்கு விடுங்கள். அதன் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது நூலாக வருவது. தொட்டியின் அடிமட்டத்துக்கும் உங்கள் ஷவருக்கும் உயர வேறுபாடு 2 மீட்டர்தான் என்றால் கிடைக்கும் அழுத்தம் 0.2 பார் மட்டுமே. வால்வின் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். அந்த நிலையில் திருகு மூட்டில் சுற்றும் டெஃப்ளான் டேப்பின் துணுக்கோ, பழைய குழாயைத் திருகியபோது உதிர்ந்த துரும்போ உள்வழியில் அடைத்தால் மீதியும் போய்விடும். பச்சைத் தண்ணீர் நன்றாக வருவதால் அடைப்பு கெய்சருக்குச் செல்லும் கிளையிலோ வால்விலோதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மெயினை அணையுங்கள். நீர் ஆறட்டும். கெய்சருக்குத் தண்ணீர் வரும் கேட் வால்வை மூடி, சொட்டும் வால்வின் நெம்புகோலைத் தூக்கி நீரை வடித்துவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். மீண்டும் மாட்டியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, அதில் காற்று வருவது நின்று நீர் சீராக விழும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள். கெய்சர் தொட்டி நிரம்புமுன் சூடேற்றினால் சூடாக்கும் எலிமெண்ட் எரிந்துபோகும்.

பொறையாறு_கடலோரம்:
விளக்கம் தெளிவு. ஆனால் குழாய் எது என்று யாரும் கேட்கவில்லையே. பிளாஸ்டிக் குழாய் வெந்நீரைத் தாங்காது, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. குழாயே கடைசிவரை நிற்கும் என்பது என் அனுபவம்.

வலங்கைமான்_குழாய்ப்பணி:
சாதாரண வெள்ளைப் பி.வி.சி.யைச் சொன்னால் உடன்படுகிறேன். அது வெந்நீரில் இளகி மூட்டில் விட்டுவிடும். வெந்நீருக்கான பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. அப்படியல்ல, 93 டிகிரி வரை தாங்கும் வகையில் தயாராவது. மேலும் உப்பை இவ்வளவு அஞ்சும் நீங்கள் ஜி.ஐ.யைப் பரிந்துரைப்பது எனக்கு விளங்கவில்லை. போர் தண்ணீரில் சில ஆண்டுகள் கிடந்த அரையங்குல ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால், துருவும் சுண்ணாம்பும் படிந்து துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

பொறையாறு_கடலோரம்:
சி.பி.வி.சி.யின் திருகுமுனையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினாலே வெடித்துவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஜி.ஐ.யில் அந்தக் கவலை இல்லை.

வலங்கைமான்_குழாய்ப்பணி:
அதற்காகத்தான் பித்தளைத் திருகு பொதித்த இணைப்பு விற்கிறார்கள். கெய்சரின் முனையில் அதையே போட வேண்டும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க வெறும் பிளாஸ்டிக் திருகைப் போட்டுவிட்டுக் குழாயைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஓய்வுபெற்ற_மின்பொறியாளர்:
குழாயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். உயிர் போவது மின்சாரத்தால். 2000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் வேண்டும். எர்த் இணைப்பும் மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத குளியலறையில் கெய்சரை இயக்கவே கூடாது. இன்னொன்று: மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் அதே எலிமெண்ட் ஏறக்குறைய 1225 வாட்தான் தரும். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வெந்நீர் தாமதமானால் அதையும் பழுது என்று எழுத வேண்டாம். தம்பி, உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?

கும்பகோணம்_மாடிவீடு:
வால்வைக் கழற்றினோம். உள்ளே டேப் துணுக்குகளும் துருவும் இருந்தன. கழுவி மாட்டியதும் நீர் நன்றாக வருகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டுகிறது, குழாய் செருகிவிட்டோம். பிளக் போடவில்லை. வலங்கைமான் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி.

குத்தாலத்தான்:
மகிழ்ச்சி. துரு வந்திருக்கிறது என்றால் கெய்சருக்கு வரும் கிளைக் குழாய் பழைய ஜி.ஐ.யாக இருக்க வேண்டும். அதை மாற்றாவிட்டால் வால்வு மறுபடியும் அடைக்கும். மாற்றும் எண்ணம் உண்டா?

ஓய்வுபெற்ற_மின்பொறியாளர்:
எர்த் பற்றிய என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டின் பெரிய துவாரத்தில் எர்த் கம்பி வந்திருக்கிறதா என்பதை ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் துவாரம் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. அம்மா நாளை விடியலில் குளிப்பதற்குள் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.