ரிசோர்ஸ் டைமிங்: 'வரத்து நேரம்' என்று வைக்கலாமா?

வணக்கம் அண்ணாச்சி, வணக்கம் அனைவருக்கும்.

ஒரு வலைப்பக்கத்துக்கு வேண்டிய படம், எழுத்துரு போன்ற ஒவ்வொரு கோப்பும் உலாவிக்கு (பிரவுசருக்கு) வந்து சேர ஆகும் நேரத்தை அளப்பதுதான் ரிசோர்ஸ் டைமிங். அதற்குத் தமிழில் அண்ணாச்சி தந்த 'வள ஏற்ற நேரம்' என்ற சொல்லை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு தடை இருக்கிறது. அப்லோடுக்குப் 'பதிவேற்றம்', டவுன்லோடுக்குப் 'பதிவிறக்கம்' என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. உலாவி ஒரு படத்தையோ எழுத்துருவையோ வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் நேரத்தை 'ஏற்றம்' என்றால், எதையோ அனுப்புகிறோம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'வளத் தாமதம்' என்று வைத்தால் இன்னும் பொருந்தாது. குறித்த நேரம் தவறினால்தானே தாமதம்? எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஆகிற நேரத்தையும் சேர்த்துத்தானே இங்கே அளக்கிறோம்.

எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால், அது கடைமடை வந்து சேர நேரம் பிடிக்கும். அதை யாரும் தாமதம் என்று குறை சொல்வதில்லை. "வரத்து எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அந்த வரத்தையே எடுத்துக்கொள்வோம் என்பது என் முன்மொழிவு. ரிசோர்ஸ் டைமிங் என்பது வரத்து நேரம். அந்த நேரங்களைக் குறித்து நிரல்களுக்குத் தரும் உலாவியின் ஏபிஐ (நிரல் இடைமுகம்), வரத்து நேரப் பதிவு.

வேலை நடக்கும் விதமும் இதற்கு ஒத்துவருகிறது. காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் முதல் தண்ணீரை மண் குடித்துவிடும். நனைந்த வாய்க்காலில் அடுத்த முறைத் தண்ணீர் விறுவிறுவென்று வரும். உலாவியும் முதல் கோப்புக்கு டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் முகவரிப் புத்தகத்தில்) பெயர் தேடி, தரவு போய்வர டிசிபி இணைப்புப் போட்டு, பாதுகாப்புக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலும் முடித்த பிறகுதான் கோரிக்கையை அனுப்புகிறது. திறந்திருக்கும் அதே இணைப்பில் அடுத்த கோப்பைக் கேட்டால் அந்தப் படிகளுக்கு ஆகும் நேரம் சுழி (0).

கோரிக்கை கிளம்பியதிலிருந்து முதல் பைட் வரும்வரை 'காத்திருப்பு', அங்கிருந்து கடைசி பைட் வரை 'பாய்ச்சல்' என்று பிரித்தால் நல்லது. போன மாதம் நான் பார்த்த ஒரு விண்ணப்பப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. படங்கள் பெரிது என்று சொல்லி அவற்றைச் சுருக்கிக்கொண்டே இருந்தார்கள். பதிவைப் பார்த்தால் பாய்ச்சல் சில மில்லி நொடிதான், காத்திருப்போ 3 நொடிக்கு மேல். பழுது வழங்கியின் (சர்வரின்) பக்கம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்திருந்தால் அந்த வீண் உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சொல்லை முதலில் சொன்னபோது, 'வரத்து' அளவைக் குறிக்கிறதே என்று தங்கச்சி கேட்டது நியாயம்தான். நீர்வரத்து, காய்கறி வரத்து எல்லாம் அளவுதான். ஆனால் போக்குவரத்து என்ற சொல்லில் வரத்து என்பது வருகை. பின்னால் 'நேரம்' சேர்ந்தால் குழப்பம் இருக்காது.

ஒரு இடத்தில் நான் முட்டி நிற்கிறேன். வேறு தளத்தின் வழங்கி டைமிங்-அலோ-ஆரிஜின் என்ற தலைப்பை (பதிலோடு வரும் அனுமதிக் குறிப்பை) அனுப்பாவிட்டால், இடைப்பட்ட கட்டங்களெல்லாம் 0 என்று வந்துவிடும். மொத்த நேரம் மட்டும் தெரியும். இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்ததால் வரும் சுழி வேறு, காட்ட மறுத்ததால் வரும் இந்தச் சுழி வேறு. 'மறைசுழி' என்று எழுதிப் பார்த்தேன், ஆற்றுச் சுழல் மாதிரித் தோன்றுகிறது. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு அர்த்தம் தரும். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.