ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்வி-ராம்: பழைய பேட்டரியின் இணைப்பை வெட்ட வேண்டுமா, வேண்டாமா?

பழைய_இரும்பு:
"மேலே உள்ள பிசினைச் சுரண்டி, பேட்டரியின் முனைகள் தெரிந்ததும் புதிய சிஆர்2032 பொத்தான் பேட்டரியைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது, பழையதை வெட்டத் தேவையில்லை" என்று மூன்றுவோல்ட் நேற்று இங்கே ஒரு புதியவருக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு எனக்கு உறக்கம் வரவில்லை. சன் நிறுவனத்தின் பழைய கணினியான ஸ்பார்க்ஸ்டேஷன் 20-இல், மின்சாரம் அணைந்தாலும் அமைப்புகளை மறக்காத நினைவாக, அதாவது என்வி-ராமாக, இருப்பது 28 கால் கொண்ட எம்48டி08 சிப். அதன் தலைக்குள் ஒரு லித்தியம் பேட்டரியும் கடிகாரப் படிகமும் பிசினில் புதைக்கப்பட்டிருக்கின்றன. பேட்டரிக்குச் சொல்லப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டுகள். இயந்திரமோ 1994-இல் வெளிவந்தது. ஆகவே உள்ளிருப்பது காலியாகித்தான் இருக்கும். அந்தக் காலிப் பேட்டரியின் இணைப்பை வெட்டாமல் புதியதை அதன் தலையிலேயே பற்றவைத்தால், புதியதன் மின்சாரம் சிப்புக்குப் போவதற்கு முன் பழையதற்குள்தான் இறங்கும். மேலும் இது மறுமின்னேற்றம் செய்யக்கூடாத வகை பேட்டரி. முதலில் வெட்டுங்கள், பிறகு பற்றவையுங்கள்.

மூன்றுவோல்ட்:
ஐயா உறங்காமல் இருந்ததற்கு வருந்துகிறேன். என்னிடம் உள்ள ஸ்பார்க்ஸ்டேஷன் 20, நான் சொன்ன முறையிலேயே, பழையதை வெட்டாமல் 3 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தின் அடையாள எண்ணான ஹோஸ்ட் ஐடி அழியவில்லை, ஈதர்நெட் முகவரி அழியவில்லை. செத்த பேட்டரி பிணம். பிணம் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்பதை விளக்கினால் நன்றாக இருக்கும். நான் வெட்டச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதன்முதலில் தங்களைப் போன்ற ஒருவரின் பேச்சைக் கேட்டு வெட்டப்போய், இரம்பம் அரை மில்லிமீட்டர் விலகியதில் படிகத்தின் கால் அறுந்து, ஒரு நல்ல சிப் குப்பைக்குப் போனது.

புதுமுகம்:
ஐயா, அந்தப் புதியவன் நான்தான். என் கேள்வி வேறு. இயந்திரத்தைப் போட்டவுடன் ஐடிப்ராம் (சிப்பில் அடையாள விவரங்கள் இருக்கும் பகுதி) தவறு என்ற செய்தி வருகிறது. பிறகு வட்டில் இருந்து இயங்காமல் வலைப்பின்னலைத் தேடிக்கொண்டே நிற்கிறது. இயந்திரம் கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே என்ற இடத்தில், சிப்பில் பைட்டை எழுதும் எம்கேபி கட்டளையால் அந்தப் பகுதியின் 16 பைட்டுகளையும் தட்டச்சு செய்தேன். ஆனாலும் அதே செய்திதான்.

பழைய_இரும்பு:
தம்பி, கடைசி பைட்டை எப்படிக் கணக்கிட்டீர்கள்? முந்தைய 15 பைட்டுகளைக் கூட்டியிருப்பீர்கள். அது கூட்டல் அல்ல, எக்ஸார், அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று போடும் கணக்கு. முதல் பைட் 01, இரண்டாவது இயந்திர வகை, ஸ்பார்க்ஸ்டேஷன் 20-க்கு 72. அடுத்த ஆறும் ஈதர்நெட் முகவரி, சன் நிறுவனத்தின் முகவரி என்பதால் 08:00:20 என்று தொடங்கும். வலைப்பின்னலைத் தேடுவதற்குக் காரணம், நினைவு அழிந்ததில் சோதனை நிலையை இயக்கும் டயக்-ஸ்விட்ச் என்ற மாறி ட்ரூ என்று மாறியிருப்பது. அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் மின்சாரத்தை அணைத்தால் எல்லாம் போய்விடும், ஏனென்றால் பேட்டரி இல்லை. ஆகவே மறுபடியும் வெட்டுவதற்கே வருகிறேன்.

மூன்றுவோல்டுக்கு: தங்கள் 3 ஆண்டுச் சாதனைக்கு வணக்கம். இயந்திரம் ஓடும்போது சிப் மின்வழங்கியின் 5 வோல்டிலேயே வாழ்கிறது. பேட்டரியைத் தொடுவதே இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் பேட்டரிக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைப் பற்றவைத்திருந்தாலும் ஹோஸ்ட் ஐடி அழியாது. அதை அணைத்து, ஒரு மாதம் கழித்துப் போட்டுப் பார்த்தது எப்போது?

மூன்றுவோல்ட்:
எங்கள் ஊரில் மின்வெட்டு என்ற ஒன்று இருக்கிறது. அது வாரந்தோறும் என் சார்பில் சோதனை செய்து தருகிறது. அளந்தும் பார்த்தேன். பழைய பேட்டரியின் முனைகளில் 0.4 வோல்ட்தான் இருந்தது. அந்த நிலைக்கு வந்த லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை மிகவும் உயர்ந்திருக்கும். அதன் வழியே பாய்வது பொருட்படுத்தத் தக்க அளவு அன்று. வெட்டத் தேவையில்லை.

பழைய_இரும்பு:
வோல்ட்டை அளந்தவர் ஆம்பியரை ஏன் அளக்கவில்லை? 0.4 வோல்ட் என்றால், 3 வோல்ட் புதிய பேட்டரிக்கும் அதற்கும் நடுவே 2.6 வோல்ட் தள்ளிக்கொண்டே இருக்கிறது, இயந்திரம் ஓடினாலும் அணைந்திருந்தாலும். கணக்கு போடுவோம். சிஆர்2032-இன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 22,000 மணி நேரத்தில், அதாவது இரண்டரை ஆண்டில் காலி. 3 ஆண்டு தாங்கியது என்றால் தங்கள் கசிவு எட்டு மைக்ரோஆம்பியருக்குச் சற்று மேல்வரை இருந்திருக்கலாம் என்று மட்டுமே அது மெய்ப்பிக்கிறது. நாளைக் காலை அது உயிரோடு இருக்கும் என்று மெய்ப்பிக்கவில்லை. வெட்டியிருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

எஸ்பஸ்_பெட்டி:
நீங்கள் இருவரும் ஏன் பிசினைச் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சிப் சாக்கெட்டில்தான் இருக்கிறது. புதியதை வாங்கிப் பொருத்தினால் போதும். எம்48டி08 கிடைக்காவிட்டால் எம்48டி18 பொருந்தும். மின்னழுத்தம் எந்த அளவுக்குக் குறைந்தால் தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்பதில் மட்டுமே வேறுபாடு. கடிகாரம் நிறுத்தப்பட்ட நிலையில் வரும். ஒரு முறை தொடங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றுவோல்ட்:
வாங்கினேன் ஐயா, வாங்கினேன். இணையத்தில் ஒருவரிடம் "புத்தம் புதியது" என்று வாங்கியதன் மேல் அச்சிட்டிருந்த தேதி புதிது. கால்களில் பழைய ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரமே நினைவை இழந்தது.

எஸ்பஸ்_பெட்டி:
அது வாங்கத் தெரியாததன் குறை. சிப்பின் குறை அன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சொல்_அடுக்கு:
ஒரு சிறு வேண்டுகோள். மின்கலம் என்ற அழகிய சொல் இருக்க, இத்தனை பேரும் பேட்டரி, பேட்டரி என்று எழுதுவது வேதனை அளிக்கிறது. நினைவகம், சில்லு என்பனவும் உள்ளன.

பழைய_இரும்பு:
மின்கலம் என்று எழுதினாலும் இணைப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். மேலும், தனி செல்லுக்கு மின்கலம், பல செல்கள் சேர்ந்த அடுக்குக்கு மின்கல அடுக்கு என்றுதான் எங்கள் பள்ளிப் பாடநூலில் படித்தேன். தாங்கள் அடுக்கு என்ற பெயரையே வைத்துக்கொண்டு அதை மறந்துவிட்டீர்கள்.

சொல்_அடுக்கு:
ஏளனம் செய்வதற்கு முன், சிஆர்2032 தனி செல் என்பதால் மின்கலம் என்று நான் சொன்னதுதான் சரி என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டதைக் கவனிக்கவும்.

மூன்றுவோல்ட்:
பழைய_இரும்பு யாரையும் ஏளனம் செய்யாத நாள் உண்டா? சென்ற ஆண்டு, வட்டுகளை இணைக்கும் ஸ்கஸி பற்றிய விவாதத்திலும் இதே கதைதான். வட்டின் எண் 3 ஆகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் இயங்கவே இயங்காது என்று பத்து முறை எழுதினார். நான் எண் 1-இல் வைத்து, ஓகே இடத்தில் பாதையைக் கொடுத்து இயக்கிக் காட்டினேன். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பழைய_இரும்பு:
நான் எழுதியது "தானாக இயங்காது" என்பது. இயந்திரத்தைத் தொடங்கி வைக்கும் ஓப்பன்பூட்டில் டிஸ்க் என்ற மாற்றுப்பெயர் எண் 3-ஐத்தான் காட்டுகிறது. சன்னின் இயங்குதளமான சன்ஓஎஸ் 4-இலும் எண் 3-இல் உள்ள வட்டுக்குத்தான் எஸ்டி0 என்று பெயர். அப்போதும் தாங்கள் ஸ்கஸி கம்பியின் கடைசி முனையில், சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் போடாமல் ஓட்டிவிட்டு, "எனக்கு ஓடுகிறது, எனவே தேவையில்லை" என்றுதான் எழுதினீர்கள். இப்போதும் வெட்டாமல் ஓட்டிவிட்டு அதையே எழுதுகிறீர்கள். ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு.

மூன்றுவோல்ட்:
"தானாக" என்ற சொல் அந்த விவாதத்தில் எங்கே இருந்தது என்று காட்டுங்கள். வெட்டத் தேவையில்லை.

புதுமுகம்:
எக்ஸார் கணக்கு சரியாக இருந்தது, மிக்க நன்றி. டயக்-ஸ்விட்சை மாற்றியதும் வட்டிலிருந்து சோலாரிஸ் இயங்குதளம் இயங்கிவிட்டது. சிப்பை வெட்டவும் இல்லை, சுரண்டவும் இல்லை. 16 பைட்டுகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறைதான் இயந்திரத்தைப் போடுகிறேன் என்பதால், ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வதில் எனக்குச் சிரமம் இல்லை.

மூன்றுவோல்ட்:
பார்த்தீர்களா, வெட்டாமலேயே வேலை முடிந்தது.

பழைய_இரும்பு:
புதிய பேட்டரியே வைக்காதவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்! அவரிடம் வெட்ட என்ன இருக்கிறது? தம்பி, தாளில் எழுதி வைத்தது மிக நல்லது. ஆனால் என்றைக்காவது சிப்பைச் சுரண்டும் நாள் வந்தால், முதலில் பழைய பேட்டரிக்குப் போகும் இணைப்பை வெட்டுங்கள். இரம்பம் வேண்டாம், சிறிய அரம் போதும், பொறுமையாக அராவினால் படிகம் இருக்கும் பக்கமே போக வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் விலகியது இரம்பத்தின் குற்றமா, பிடித்த கையின் குற்றமா என்பதை நான் சொல்ல விரும்பவில்லை.

மூன்றுவோல்ட்:
சொல்ல விரும்பவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டீர்கள். அறுந்த சிப்பை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் படம் போடுகிறேன், வெட்டச் சொல்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய_இரும்பு:
படம் வேண்டாம். மைக்ரோஆம்பியர் அளவைப் போடுங்கள்.