புதுப்பிப்பு: சிறிய ஆய்வகத்தில்தான் சேர்ந்தேன்

பெயர்பெற்ற பேராசிரியரின் பெரிய ஆய்வகமா, புதிதாக வந்த உதவிப் பேராசிரியரின் சிறிய ஆய்வகமா, முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க எது கைகொடுக்கும் என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். சிறியதில் சேர்ந்து 8 மாதங்கள் ஆகின்றன.

"சேரும் முன் அங்கிருக்கும் மாணவர்களிடம் பேசிவிடுங்கள்" என்றவருக்கு என் முதல் நன்றி. பெரிய ஆய்வகத்தில் இளநிலை மாணவர்கள் பேராசிரியரை மாதக்கணக்கில் பார்ப்பதே இல்லை என்பது அப்படிப் பேசியபோதுதான் தெரிந்தது.

இங்கே முதல் 6 வாரங்கள் என் பிசிஆர் சோதனை (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்குவது) ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. டிஎன்ஏ சேர்க்காத குழாயின் கரைசலை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோதும், டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை தெரிந்தது. அப்படியென்றால் எங்கோ மாசு கலந்திருக்கிறது. ஒவ்வொரு கரைசலாக மாற்றிப் பார்த்து, கோளாறு தண்ணீர்க் குப்பியில் என்று கண்டுபிடித்தேன். அன்று மாலை உதவிப் பேராசிரியர் மேடம் என் அருகில் அமர்ந்து என் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்தார். பல பல்கலைக்கழகங்கள் 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்கின்றன; இப்படி அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு ஈடாக வேறொன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியாகவில்லை, அதில் வருத்தம்தான். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் விளக்கும் நோக்க அறிக்கையை அந்தத் தண்ணீர்க் குப்பியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் விண்ணப்பங்களை அனுப்புகிறேன்.