நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைய தூக்கி நிறுத்தினது தன்னம்பிக்கையா, சாதகமா (விடாத பயிற்சியா)?

தோடிப்பித்தன்:
நேத்து ராத்திரி தூக்கம் வராம திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், பழைய ரெக்கார்டு, கரகரன்னு சத்தம், ஆனாலும் காந்தாரத்துல, அதான் ‘க’ ஸ்வரத்துல, அவர் நின்னு அசைக்கிற அந்த இடத்துல எந்திரிச்சு உக்காந்துட்டேன். எனக்கு என்ன தோணுதுன்னா இந்த மனுஷன் இவ்வளவு பெரிய ஆளானதுக்கு முதல் காரணம் அவர் தன்மேல வச்ச நம்பிக்கைதான். வாசிப்பு நல்லா வாசிச்சவங்க அந்தக் காலத்துல காவிரிக்கரை பூரா இருந்தாங்க. ஆனா குடுமிய எடுத்துட்டு கிராப்பு வச்சு, ஷெர்வானி போட்டு, காதுல வைரக் கடுக்கனோட மேடை ஏறி உக்காந்து, நானும் பாட்டு வித்வானுக்குச் சமம்தான்னு சொன்னது அவர்தான். அந்த மிடுக்கு இல்லன்னா அந்தத் தோடியும் இல்ல. உங்க கருத்து சொல்லுங்க.

சீவாளி:
மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். நாங்க திருவாவடுதுறை பக்கம், எங்க வீட்ல கொறுக்குத்தட்டை வெட்டி சீவாளி, அதான் நாதஸ்வரத்துல வாய் வச்சு ஊதுற நாக்கு, கட்டுறவங்க, அதனால இதுல எனக்குப் பேச உரிமை உண்டுன்னு நெனைக்கிறேன். கோட்டு போட்டதால வாசிப்பு வரல தம்பி. அவருக்கு மாமா நாதஸ்வர வித்வான் திருமருகல் நடேச பிள்ளை. சின்ன வயசுல வாய்ப்பாட்டு கத்துக்கிட்டு அப்புறமா நாதஸ்வரத்துக்கு வந்தவர், அதனாலதான் குழல்ல பாட்டுக்காரங்க பாடுற மாதிரி நீளமா ஆலாபனை பண்ண முடிஞ்சது. பரம்பரை, பாடம், சாதகம், இது மூணும் முதல்ல. அப்புறம் வாத்தியம். அதுக்கு முன்னாடி எல்லாரும் வாசிச்சது திமிரிங்கிற நாதஸ்வரம், குட்டையா இருக்கும், சுருதி தூக்கலா இருக்கும், நாலு வீதி தாண்டி கேக்கணுமே. இவர் சுருதிய எறக்கி பாரி நாதஸ்வரத்துக்கு வந்தார், அதைச் செஞ்சு குடுத்தது நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்துல துளை எங்க விழணும்னு அந்த ஆசாரி பட்ட பாடு யாருக்குத் தெரியும்? சுத்த மத்தியமம்ங்கிற ‘ம’ ஸ்வரம் சுத்தமா பேசுறதுக்கு அவர் கைதான் காரணம். அவரை விட்டுட்டு தன்னம்பிக்கை தன்னம்பிக்கைன்னா எனக்கு வருத்தமா இருக்கு.

தோடிப்பித்தன்:
ஆசாரிய நான் எங்கண்ணே குறைச்சு சொன்னேன். ஆனா ஒண்ணு யோசிங்க. திமிரிதான் நாதஸ்வரம், அதுதான் மங்கள வாத்தியம்னு ஊரே சொல்லிக்கிட்டு இருக்கும்போது, இல்ல, எனக்கு வேற மாதிரி வேணும், கனமா வேணும்னு கேக்குறதுக்கு ஒரு நெஞ்சு வேணுமா இல்லையா? ஆசாரி கை செஞ்சது சரி, கேட்டது யாரு? தன் காதுல எந்த நாதம் கேக்குதோ அதுதான் சரின்னு நம்பினவர்தான கேக்க முடியும். பாணிங்கிறது அங்கதான் ஆரம்பிக்குது.

மேலவீதி:
சீவாளி அண்ணன் சொல்றதோட இன்னொண்ணும் சேத்துக்கங்க. அவர் திருவாவடுதுறை ஆதீனத்தோட, அதான் அந்த ஊர் சைவ மடத்தோட, வித்வான். 1947ல சுதந்திரத்துக்கு முந்தின ராத்திரி டெல்லியில அவர் வாசிச்சார்னு பெருமையா பேசுறோம், ஆதீனம் அனுப்பி வச்சுதான போனார். மைக்கு வந்தது, கிராமபோன் தட்டு வந்தது, ரேடியோ வந்தது, 1940ல ‘காளமேகம்’ படத்துல நடிக்கவும் செஞ்சார். காலம் கைகுடுத்துச்சு. அதே தன்னம்பிக்கையோட 1840ல பொறந்திருந்தா ஊர் எல்லைக்கு வெளிய யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

தவில்வீட்டுப்பொண்ணு:
இதுவரைக்கும் படிச்சிட்டு சும்மா இருந்தேன், இப்ப சொல்லியே ஆகணும். நீங்க எல்லாரும் சட்டைய ஏதோ ஃபேஷன் மாதிரி பேசுறீங்க. எங்க தாத்தா தவில். அவர் காலத்துல பெரிய மனுஷங்க வீட்டு வாசல்ல மேல்சட்டை போடக்கூடாது, துண்ட இடுப்புல கட்டிக்கணும், நின்னுக்கிட்டே வாசிக்கணும், நடந்துக்கிட்டே வாசிக்கணும். ஒரு கல்யாணத்துல விடிய விடிய வாசிச்சுட்டு பந்தில உக்காரப் போனவர எந்திரிக்கச் சொல்லி கொல்லப்பக்கம் எலை போட்டாங்க, அத அவர் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். பாட்டு வித்வான் ஒருத்தரையாவது சட்டைய கழட்டிட்டுப் பாடுன்னு யாராவது சொல்லிருப்பாங்களா? அதனால ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி போட்டு உக்காந்து வாசிச்சார்னா அது அலங்காரம் இல்ல, எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் சேத்து அவர் எடுத்த மரியாதை. அவரை திமிர் புடிச்சவர்னு சொன்னவங்க நெறைய. அந்தத் திமிர் இல்லாம சாதகம் மட்டும் இருந்த எங்க தாத்தா பேரு இன்னைக்கு எங்க தெருவத் தாண்டி யாருக்கும் தெரியாது. கைல வித்தை இருந்துச்சு, நான் கேட்டுருக்கேன்.

சீவாளி:
தங்கச்சி, நீ சொன்னத படிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல. எங்க அப்பாவும் பெரிய வீட்டு திண்ணைக்கு கீழதான் நின்னு சீவாளி குடுத்துட்டு வருவார். அந்த விஷயத்துல நான் வாதாடல, மரியாதைய அவர் கேட்டு வாங்கினார், அது உண்மை. ஆனா கலைன்னு வரும்போது என் சந்தேகம் அப்படியேதான் இருக்கு. காருகுறிச்சி அருணாசலத்த எடுத்துக்கங்க. அதே ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர், குருவோட மிடுக்கு எதையும் காப்பியடிக்கல. 1962ல ‘கொஞ்சும் சலங்கை’ படத்துல ஜானகி அம்மா குரலோட அவர் குழல் போட்டி போட்டுக்கிட்டு போறத கேக்காத தமிழ் வீடு உண்டா? 1964ல போய்ச் சேர்ந்துட்டார், நாப்பத்து சொச்சம் வயசுதான். அவர் எங்க மார்தட்டினார்?

தோடிப்பித்தன்:
அண்ணே நீங்க காருகுறிச்சிய சொன்னதுதான் எனக்கு சாட்சி. அவ்வளவு பெரிய குருகிட்ட இருந்துட்டு அவர் நிழலாவே நின்னு போகாம தனக்குன்னு ஒரு குழைவ கொண்டு வந்தார் பாருங்க, அது நம்பிக்கை இல்லாம வருமா? சத்தமா இருந்தாத்தான் தன்னம்பிக்கைன்னு நான் சொல்லல. முதல் பதிவுல கோட்டு கடுக்கன்னு எழுதினது கொஞ்சம் ஓவராப் போச்சு, அத ஒத்துக்கறேன்.

சீவாளி:
அப்படிச் சொன்னா பாதி தூரம் வர்றேன். மீதி பாதிக்கு சாதகத்த நீ ஒத்துக்கணும்.

குத்தாலத்துப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம், நான் ஆறு வருஷமா நாதஸ்வரம் கத்துக்கறேன். இப்ப கல்யாணத்துக்குப் போனா சினிமா பாட்டு வாசி தம்பிங்கிறாங்க, ராகம் எடுத்தா அஞ்சு நிமிஷத்துல வீடியோக்காரர் கைய காட்டுறார். என் செட்டுல மூத்தவரும் குடுக்கிற காசுக்கு கேக்கறத வாசிச்சுட்டு வாடாங்கிறார். எனக்கு தோடி வாசிக்கணும், என் தோடி. அடுத்த முகூர்த்தத்துல எடுக்கலாமான்னு பாக்குறேன், பயமா இருக்கு.

தவில்வீட்டுப்பொண்ணு:
எடு தம்பி. தவில்காரர்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வச்சுடு, அவர் உன்கூட நின்னா பாதி பயம் போயிடும்.

சீவாளி:
முகூர்த்தத்துல எடுக்காத தம்பி, அங்க அய்யர் எப்ப கெட்டிமேளம்னு சொல்வாருன்னே தெரியாது, பாதியில வெட்டிடுவாங்க, உன் மனசுதான் ஒடஞ்சு போகும். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு சனம் சாப்பிடப் போற நேரம் இருக்கு பாரு, அப்ப எடு, அரை மணி நேரம் உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. அதுவரைக்கும் தினம் விடிகாலைல அந்தக் காந்தாரத்த மட்டும் புடிச்சு நிறுத்திப் பழகு. சீவாளி என்ன அளவு போடுறேன்னு தனியா மெசேஜ் பண்ணு, நானே கட்டி அனுப்புறேன், காசு வேணாம்.